யார் காசு போட்டது? – டெக்சஸ் டான்ஸ் ஹால்களில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்: பெல்வில், ஷூலன்பர்க்

அப்பா ஹூஸ்டனுக்கு வந்து ஏழு வாரம் ஆகிவிட்டது. பியர்லாண்ட் மீனாட்சி கோயில் நான்கு தடவை, நாசா ஒரு தடவை, இந்தியக் கடை எத்தனை தடவை என்று கணக்கில்லை. போன வாரம் சாப்பிடும்போது, "அமெரிக்காவைக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்து, எல்லா இடத்துலயும் கார் நிறுத்துற இடத்தைத்தான் காட்டுற" என்றார். உண்மைதான். லீவு போட்டேன். நான்கு வருடமாக நான் தனியாகச் சுற்றும் இடங்களுக்கு அவரையும் கூட்டிப் போவதென்று முடிவு. அம்மா மூட்டுவலியைக் காரணம் சொல்லி பேரனோடு வீட்டிலேயே இருந்துகொண்டார்.

போகிற இடங்கள் மத்திய டெக்சஸின் சின்ன ஊர்களில் உள்ள பழைய டான்ஸ் ஹால்கள். "டான்ஸ் ஹாலா?" என்று கேட்டபோது அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு டான்ஸ் என்றால் எழுபதுகளின் சினிமாவில் வில்லனின் மாளிகையில் நடப்பது. இல்லைப்பா, இங்கே தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பத்தோடு போவார்கள், பெஞ்சுக்கு அடியில் மெத்தைத்துணி விரித்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பெற்றவர்கள் ஆடுவார்கள், அப்படித்தான் நூறு வருடமாக நடந்தது என்று விளக்கினேன். பெரிதாக நம்பவில்லை.

ஹூஸ்டனிலிருந்து வடமேற்கே ஒன்றரை மணி நேரத்தில் பெல்வில். ஊர்ப் பூங்காவுக்குள் 1897-இல் கட்டிய டர்ன்ஃபெராயின் கூடம் நிற்கிறது. கட்டியவர் யோவாகிம் ஹின்ட்ஸ் என்ற ஜெர்மானியத் தச்சர். பன்னிரண்டு பக்கங்கள். வட்டமாக மரத்தில் கட்ட முடியாதல்லவா, அதனால் பன்னிரண்டு பலகைச் சுவர்களை ஒட்டவைத்து வட்டத்துக்குப் பக்கத்தில் போயிருக்கிறார். உள்ளே நடுவில் ஒரு கம்பம். அதன் தலையிலிருந்து உத்தரங்கள் குடைக்கம்பிகள் போல நாலா பக்கமும் விரிகின்றன. இந்தப் பக்கத்து ஆட்டங்களில் ஜோடிகள் எல்லோரும் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றிச் சுற்றி நகர்வார்கள். சதுரமான அறையில் மூலையில் மாட்டிக்கொள்ளும் சங்கடம் இந்தக் கூடத்தில் இல்லை.

"ஃபெராயின்னா என்ன?" என்றார் அப்பா.

"சங்கம். டர்ன்ஃபெராயின்னா உடற்பயிற்சிச் சங்கம்."

அந்த ஒரு வார்த்தையில் ஆள் மாறிவிட்டார். குளித்தலைப் பக்கம் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 31 வருடம் இருந்து செயலாளராக ஓய்வு பெற்றவர். சங்கம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அவருக்கு உறுப்பினர் பதிவேடு, சந்தா, தணிக்கை என்று வரிசையாக ஞாபகம் வந்துவிடும். "அப்ப இதுக்கு யார் காசு போட்டது? உறுப்பினரா, ஊர்ப் பெரிய மனுஷனா?" இந்தக் கேள்வி ஐந்து நாளும் எங்களோடு காரில் வரப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

உறுப்பினர்கள்தான். பெர்லினில் 1811-இல் ஃப்ரீட்ரிஷ் யான் என்பவர் தொடங்கிய திறந்தவெளி உடற்பயிற்சி இயக்கம் ஜெர்மனி முழுக்கப் பரவி, கப்பலேறியவர்களோடு இங்கே வந்தது. கம்பியில் தொங்கியவர்கள் பாட்டும் பாடினார்கள், நாடகம் போட்டார்கள், சனிக்கிழமை ஆடினார்கள். கடைசியில் உடற்பயிற்சி போய்விட்டது, ஆட்டம் மட்டும் மிஞ்சியது.

பன்னிரண்டு பக்கமா என்று தானே எண்ணிப் பார்க்கிறேன் என்று அப்பா வெளியே நடக்க ஆரம்பித்தார். ஏழு எண்ணும்போது மழை கொட்டியது. இந்த மே மாத மழை முன்னறிவிப்பெல்லாம் கொடுக்காது. காருக்கு ஓடி வந்தோம். "ஏழோட நிக்குது" என்று துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

கொஞ்ச தூரத்தில் கேட் ஸ்பிரிங். அங்கே நிறுத்தவில்லை, ஆனால் கதையைச் சொன்னேன். 1856-இல் அந்த ஊர் ஜெர்மானிய விவசாயிகள் ஒரு வேளாண் சங்கம் தொடங்கினார்கள். எந்த விதை இந்த மண்ணில் வருகிறது, எப்போது விதைக்கலாம் என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதற்காக. கூட்ட நடவடிக்கைக் குறிப்பை இரண்டாம் உலகப்போர் காலம் வரை ஜெர்மன் மொழியிலேயே எழுதிவந்தார்கள். "மினிட் புக் இன்னும் இருக்கா?" என்றார் அப்பா. இருக்கிறது, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள் என்றதும் திருப்தியாகத் தலையாட்டினார்.

மாலை ஷூலன்பர்க். இது செக் நாட்டவர் வந்து குடியேறிய பக்கம். பொஹீமியா, மொராவியாவிலிருந்து வந்து பருத்தி போட்டவர்கள். சுற்றுவட்டாரத்தில் வண்ணம் தீட்டிய மாதாகோயில்கள் உண்டு, டூபினா, ஹை ஹில் என்று. அழகுதான், அதைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியாயிற்று. ஊருக்குள் போல்கா என்ற துள்ளல் ஆட்டத்தின் இசைக்கென்றே சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பித்தளை ஊதுகுழல்கள், அக்கார்டியன்கள், கறுப்பு வெள்ளைப் படங்களில் மீசை வைத்த அண்ணன் தம்பிகள். பக்கத்து ஃபயட்வில்லில் பாக்கா குடும்பத்தார் 1892-இல் ஒரு பேண்ட் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக வாசித்தார்கள்.

அங்கே கேட்ட இன்னொரு கதை எனக்குப் பிடித்தது. அடால்ஃப் ஹோஃப்னர் என்று ஒரு பாடகர், 1916-இல் பிறந்தவர், ஜெர்மன்–செக் கலப்புக் குடும்பம். கௌபாய்ப் பாட்டோடு போல்காவையும் கலந்து வாசித்து ஹால் ஹாலாகப் போய்க்கொண்டிருந்தார். போர் வந்தது. அடால்ஃப் என்ற பெயரை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் எப்படிச் சுவரொட்டி ஒட்டுவது? டால்ஃப் என்று சுருக்கிக்கொண்டார்.

அப்பாவுக்கு இதைவிடப் பிடித்தது எஸ்.பி.ஜே.எஸ்.டி. வழியெல்லாம் ஹால்களின் நெற்றியில் இந்த ஐந்து எழுத்தும் ஒரு எண்ணும் எழுதியிருக்கும். 1897-இல் லா கிரேஞ்சில் செக் மக்கள் தொடங்கிய பரஸ்பர உதவிச் சங்கம் அது. குடும்பத் தலைவன் செத்துப்போனால் அவன் வீட்டுக்குப் பணம் கொடுக்கும் ஆயுள் காப்பீடுதான் முக்கிய வேலை. அந்த எண் கிளையின் எண். ஒவ்வொரு கிளைக்கும் கூட்டம் போட இடம் வேண்டும். இடம் கட்டினால் தரை இருக்கும். தரை இருந்தால் ஆடுவார்கள். "இன்சூரன்ஸ் ஆபீஸ்ல டான்ஸு" என்று அப்பா சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "வெளியூர்லேர்ந்து வந்தவனுக்கு மொதல்ல சாவு பயம்தான் வரும்" என்றார்.

இரவு சாப்பாடு கொலாச்சி. பஞ்சு போன்ற ரொட்டியின் நடுவில் குழி செய்து ஏப்ரிகாட் அல்லது கசகசா விழுது வைத்துச் சுட்டது. அப்பா சைவம் என்பதால் கடைக்காரரிடம் மூன்று தடவை விசாரித்தேன். உள்ளே கறி வைத்ததற்கு க்ளோபாஸ்னிக் என்று வேறு பெயராம், இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிட்டால் இந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வருமாம்.

இரண்டாம் நாள், வெள்ளி: க்ரீன்

Gruene என்ற ஊர்ப் பெயரின் எழுத்தைப் பார்த்தால் குரூன் என்றோ குரூவன் என்றோ படிக்கத் தோன்றும். சொல்வது க்ரீன். ஜெர்மன் மொழியிலும் பச்சை என்றுதான் பொருள்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1845 மார்ச்சில் கார்ல் என்ற ஒரு ஜெர்மானிய இளவரசர், கோமால் ஊற்றுகளுக்குப் பக்கத்தில் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரை நிறுவினார். பிரபுக்கள் சிலர் சேர்ந்து அமைத்த குடியேற்றச் சங்கத்தின் ஏற்பாடு. நிலம் தருகிறோம், வீடு தருகிறோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றினார்கள். கடற்கரையில் இறங்கியவர்களை உள்நாட்டுக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. 1846-இல் மெக்சிகோவோடு போர் தொடங்கியதில் வண்டிகள் எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டன. மழையிலும் காய்ச்சலிலும் கரையிலேயே ஏராளமானோர் செத்தார்கள். இளவரசர் முந்தைய வருடமே ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தார். "அந்தச் சங்கத்துக்குத் தணிக்கையே நடந்திருக்காது" என்றார் அப்பா, காரின் வலதுபக்கத்திலிருந்து. இங்கே ஓட்டுநர் இருக்கை இடதுபக்கம். (ஏழு வாரமாகியும் அப்பா இன்னும் ஓட்டுநர் பக்கக் கதவைத்தான் முதலில் திறக்கிறார்.)

அந்தக் கூட்டத்தில் பிழைத்து வந்த ஒரு குடும்பம் க்ரீன் குடும்பம். மகன் ஹென்றி 1870-களில் க்வாடலூப் ஆற்றின் மேட்டில் பருத்தி போட ஆரம்பித்தார். விளம்பரம் கொடுத்து வாரக்குடிகளை வரவழைத்தார். இருபது முப்பது குடும்பங்கள் வந்தன. அவர்களுக்காகக் கடை, ஆற்று நீரில் ஓடும் பஞ்சு அரவை ஆலை, 1878-இல் இந்த ஹால். டெக்சஸில் நிற்காமல் நடந்துவரும் டான்ஸ் ஹால்களில் மிகப் பழையது இதுதான் என்பது இவர்கள் பெருமை.

அப்பா வாசலில் நின்று முகப்பை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இது சங்கம் இல்ல. பண்ணையார் கட்டினது."

ஆமாம். இந்த ஹாலைப் பற்றிப் படித்த எதிலும் இதை இவ்வளவு நேராகச் சொல்லிப் பார்த்ததில்லை. வாரம் வாங்குகிறவரின் கடையில் சாமான், அவர் ஆலையில் அரவை, அவர் கூடத்திலேயே சனிக்கிழமை பீர். காசு ஆற்றைத் தாண்டிப் போகவே இல்லை. ஆனாலும் வாரக்குடி வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரம் முழுக்கப் பருத்தி எடுத்த கைகளோடு ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிக்க அனுமதி இருந்த இடம் இது ஒன்றுதான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கட்டடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். முன்னால் மதுக்கூடம், பின்னால் நீண்ட கூடம், மொத்தம் 6,000 சதுர அடி. உயரமான தகரக் கூரை. ஏசி கிடையாது. பக்கச் சுவர்களில் ஜன்னலுக்குப் பதில் பலகைத் தடுக்குகள். கீழிருந்து தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டால் காற்று குறுக்கே ஓடும். மேடைப் பக்கமும் சுவர்களிலும் 1930-கள், 40-களின் விளம்பரப் பலகைகள் இன்னும் மாட்டியபடி இருக்கின்றன. அந்தக் கடைகளில் எதுவும் இன்று இருக்க வாய்ப்பில்லை. யாரும் கழற்றவில்லை, அவ்வளவுதான். மேசைகளில் கத்தியால் கீறிய பெயர்கள். நம் ஊர் கல்லூரி பெஞ்சு மாதிரியே, அம்பு துளைத்த இதயம் உட்பட.

ஹென்றி 1920-இல் இறந்தார். 1922-இல் ஆலை எரிந்தது. பருத்திக் காய்ப்புழு போன்ற ஒரு கூன்வண்டு, பால் வீவில் என்பார்கள், முன்பே மெக்சிகோவிலிருந்து ஏறி வந்து தென் மாநிலங்களின் பருத்தியைத் தின்றுகொண்டிருந்தது, பிறகு இந்த ஊர்ப் பருத்தியையும் தீர்த்தது. அதன் பின்னாலேயே 1929-இன் பொருளாதாரச் சரிவு. ஊர் காலியானது. ஹால் மட்டும் பூட்டப்படவில்லை.

காசு இல்லாத ஊரில் எதையும் இடித்துக் கட்ட மாட்டார்கள். க்ரீன் பிழைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். 1970-களின் நடுவில் காசு வந்தது, கூடவே அடுக்குமாடி வீடு கட்டும் திட்டமும் வந்தது. அந்தச் சமயம் பார்த்து சிப் காஃப்மன் என்ற கட்டடக் கலை மாணவர் ஆற்றில் படகு விட்டுக்கொண்டு போகும்போது கரைக்கு மேலே ஊரின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ஏறி வந்தார். இதை இடிக்கக் கூடாது என்று அலைந்து, தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் சேர்க்க வைத்தார். 1975-இல் பேட் மோலக் என்பவர் ஹாலை வாங்கினார். வாங்கியவர் செய்த புத்திசாலித்தனம், ஒன்றும் செய்யாமல் விட்டது.

பிறகுதான் பாட்டுக் கதை. பக்கத்து சான் மார்கோஸ் கல்லூரியில் விவசாயம் படித்துக்கொண்டு, 1975-இல் சக மாணவர்களோடு சேர்ந்து பாட ஆரம்பித்த ஜார்ஜ் ஸ்ட்ரெயிட் என்ற இளைஞர் இங்கே வழக்கமாக வாசித்தார். 1981-இல் பெரிய கம்பெனி இசைத்தட்டு வந்து, கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர்களில் முதல் வரிசைக்குப் போனார். லைல் லவெட்டும் இங்கே பாடி வளர்ந்தவர். சுவர் நிறைய கையெழுத்துப் போட்ட படங்கள். 1996-இல் ஜான் டிரவோல்டா நடித்த ஒரு படத்தின் ஆட்டக் காட்சியும் இங்கேதான் எடுத்தார்கள்.

மாலை ஆறு மணிக்கு ஒரு பேண்ட் தொடங்கியது. டூ-ஸ்டெப். வேகம், வேகம், மெது, மெது. அவ்வளவுதான் அதன் இலக்கணம். அப்பா தொடையில் தட்டிப் பார்த்தார். வால்ட்ஸ் வந்ததும் "இது மூணு" என்று விரல் மாற்றினார். சின்ன வயதில் பஜனை மடத்தில் கஞ்சிரா வாசித்த கை, சும்மா இருக்காது. எனக்கு முன்னே பின்னே தெரியாத ஒரு முதியவர் வந்து தொப்பியைத் தொட்டு, "உங்கள் மகளோடு ஒரு ஆட்டம்?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். இரண்டு சுற்று. திரும்பி வந்தபோது அப்பா எலுமிச்சைச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

காருக்குப் போகும் வழியில், "அந்த ஆளுக்கு எண்பது இருக்கும், கால் தப்பவே இல்ல" என்றார். என் காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், சனி: லக்கன்பாக், சான் அன்டோனியோ

லக்கன்பாக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஒரு காலத்தில் தபால் நிலையமாகவும் இருந்த ஒரு கடை, ஒரு ஹால், ஓக் மரங்கள், கோழிகள். ஊர் அவ்வளவுதான். 1970-களின் தொடக்கத்தில் ஹோண்டோ க்ரௌச் என்ற வேடிக்கைக்காரப் பண்ணையாளர் நண்பர்களோடு சேர்ந்து ஊரையே விலைக்கு வாங்கித் தன்னை மேயர் என்று அறிவித்துக்கொண்டார். 1973-இல் ஜெர்ரி ஜெஃப் வாக்கர் இந்த ஹாலிலேயே ஒரு இசைத்தட்டைப் பதிவு செய்தார். 1977-இல் வேலன் ஜென்னிங்ஸ், வில்லி நெல்சன் குரல்களில் ஊர்ப் பெயரிலேயே வந்த பாட்டு நாடு முழுக்கப் பரவியது. எழுதியவர்கள் இந்த ஊரைப் பார்த்ததே இல்லையாம். ஹோண்டோவும் அதைக் கேட்கவில்லை. 1976 செப்டம்பரிலேயே போய்விட்டார்.

இன்று அந்தப் பாட்டைத் தேடி வருகிறவர்கள் கூட்டம். பனியன், தொப்பி, காந்தம் விற்கும் கடையில் வரிசை. அப்பா கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து கிதார் வாசித்தார்கள், அது நன்றாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

சான் அன்டோனியோ வேறு கதை. இந்தப் பயணத்தில் இதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் பொய் எழுதியவளாகியிருப்பேன்.

நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த ஹால்கள் பலவற்றில் மெக்சிகோ வழிவந்த டெஹானோ மக்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் நெடுங்காலம் வாசல் அடைத்திருந்தது. உள்ளே பாட்டு, வெளியே அவர்கள். ஆனால் பலகைத் தடுக்கைத் தூக்கி வைத்த கூடத்தில் சத்தத்தை எப்படி அடைப்பது? அந்தக் காலத்தில் சான்டியாகோ ஹிமெனெஸ் என்ற சிறுவனும் அவன் அப்பா பாட்ரிசியோவும் நியூ பிரான்ஃபெல்ஸ் பக்கம் ஜெர்மானிய ஆட்டங்களின் இசையைக் கேட்டார்கள். அக்கார்டியன் கற்றார்கள். அந்தச் சிறுவன் பெரியவனாகி இசைத்தட்டுப் போட்டான், அவன் மகன் ஃப்ளாக்கோ ஹிமெனெஸ் உலகம் முழுக்கக் கொண்டுபோனார். தெற்கே சான் பெனிட்டோவில் நார்சிசோ மார்ட்டினெஸ் 1936-இல் இன்னொன்று செய்தார். அக்கார்டியனில் வலது கை ராகம், இடது கை அடித்தளம். மார்ட்டினெஸ் இடது கைப் பொத்தான்களை ஏறக்குறைய விட்டுவிட்டு, அந்த வேலையைப் பாஹோ செக்ஸ்டோ என்ற பன்னிரண்டு தந்தி கிதார் வாசிக்கும் சான்டியாகோ அல்மெய்தாவிடம் கொடுத்தார். வலது கைக்கு விடுதலை கிடைத்தது. கொன்ஹுன்ட்டோ என்ற இசை அப்படிப் பிறந்தது.

ரோஸ்டேல் பூங்காவில் அதற்கான திருவிழா மே மாதத்தில் நடக்கிறது, 1982-இல் தொடங்கியது, க்வாடலூப் பண்பாட்டுக் கலை மையம் நடத்துகிறது. சிமெண்ட் தரையில் ஆட்டம். வெயில் முப்பத்தைந்து டிகிரி. பாட்டிகள் மடக்கு நாற்காலி, ஐஸ்பெட்டியோடு முதல் வரிசை பிடித்துவிட்டார்கள். எல்லா ஜோடியும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், கால் தரையை விட்டு எழும்பாமல் வழுக்கியபடி போகிறார்கள். இந்த நடைக்குத் தக்குவாச்சீத்தோ என்று ஒரு பழைய பெயர் உண்டு. இரவில் குப்பையைக் கிளற வரும், பெருச்சாளி போன்ற ஒரு விலங்கு அசைந்து நடப்பதைப் பார்த்து வைத்த பெயர். போல்காவேதான், ஆனால் குதிப்பு போய்விட்டது.

"ஆர்மோனியத்தைத் தோள்ல மாட்டிக்கிட்டான்" என்றார் அப்பா. தப்பில்லை, இரண்டும் காற்றில் அதிரும் நாக்கால் பேசுகிற ஒரே குடும்பத்து வாத்தியங்கள்தான். ஒரு பையன், பதினான்கு பதினைந்து வயது இருக்கும், மூன்று வரிசைப் பொத்தான் அக்கார்டியனில் பிய்த்து உதறினான். அப்பா எழுந்தே நின்றுவிட்டார். எண்ணியபடி தாளம் போட்டவர் நடுவில் எண்ணுவதை விட்டுவிட்டார்.

வழக்கமான கேள்வி இன்று வரவில்லை. விடுதிக்குத் திரும்பும்போது வேறு கேட்டார்: "உள்ள விடலைன்னு சொன்னியே, அது சட்டமா, சங்கத்து விதியா?" சில இடங்களில் விதியில் எழுதியிருக்கும், பல இடங்களில் எழுதவே தேவைப்படவில்லை என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சு அவருக்கு நினைவு வந்திருக்கும். எனக்கு வந்தது.

நான்காம் நாள், ஞாயிறு: அன்ஹால்ட்

காலையில் விடுதி அறையில் வெந்நீர் வரவில்லை, மேலாளர் நாளைக்கு வரும் என்றார். நாளைக்கு நாங்கள் அங்கே இல்லை. சரி.

நியூ பிரான்ஃபெல்ஸிலிருந்து மேற்கே அரை மணி, சீடர் மரக்காட்டுக்குள் மண் வாசலோடு அன்ஹால்ட். இங்கே ஊர் என்று ஒன்று கிடையாது, ஹால்தான் ஊர். மே விழா. புல்வெளியில் கார் நிறுத்திவிட்டு நடந்தோம்.

இது முழுக்க முழுக்க அப்பாவின் இடம். 1875 வாக்கில் இந்தப் பகுதி விவசாயிகளுக்குப் பெரிய தலைவலி மாட்டுத் திருடர்கள். வேலி கிடையாது, மாடுகள் மேய்ச்சல் காட்டில் கலந்து திரியும். அடையாளம் சூட்டுக்கோலால் போட்ட முத்திரைதான். விவசாயிகள் ஒன்றுகூடி முத்திரைகளைப் பதிந்துவைத்தார்கள், சேர்ந்தே மாடு மடக்கினார்கள், திருடர்களைச் சேர்ந்தே தேடினார்கள். கெர்மானியா விவசாயிகள் சங்கம் என்று பெயர். பிறகு உறுப்பினர்களுக்குக் காப்பீடு வந்தது, விளைச்சல் கண்காட்சி வந்தது. கூட்டம் முடிந்ததும் சாப்பாடு. சாப்பாடு முடிந்தால் என்ன செய்வது? 1908-இல் பெரிய ஆட்டக் கூடத்தைச் சேர்த்துக் கட்டினார்கள்.

உள்ளே நுழைந்ததும் அப்பா மேலே பார்த்தார். கூரையை வளைந்த மர வளைவுகள் தாங்குகின்றன. நடுவில் தூண் இல்லை. கவிழ்த்துப் போட்ட பெரிய படகுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். பிறகு கீழே பார்த்தார். தரை. நூறு வருடத்துக்கு மேலாகத் தோல் செருப்புகள் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்கு வழவழப்பு. ஒரு பையன் டப்பாவிலிருந்து பொடி போன்ற ஏதோ ஒன்றைத் தூவிக்கொண்டே போனான், வழுக்குவதற்காக. முன்பெல்லாம் சோளமாவு தூவுவார்கள்.

நுழைவுச்சீட்டு மேசையில் உட்கார்ந்திருந்த முதியவர் சங்க உறுப்பினர். அவருடைய பாட்டனாரும் உறுப்பினராம். நான் மொழிபெயர்க்க, இருவரும் பேச ஆரம்பித்தார்கள்.

"உறுப்பினர் இப்ப எத்தனை பேர்? பசங்க சேர்றாங்களா?"

"சேர்கிறார்கள். கூட்டத்துக்குத்தான் வருவதில்லை."

அப்பா அவர் தோளில் தட்டினார். குளித்தலையிலும் அதே கதைதான் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் குளித்தலை எங்கே என்று கேட்டார். ஆற்றங்கரை ஊர், வாழையும் நெல்லும் என்றார் அப்பா. ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார் அவர். இரண்டு விவசாய ஊர்க்காரர்கள் சந்தித்தால் வேறென்ன பேசுவார்கள்.

இரண்டு உலகப்போர்களின்போதும் பிறகும் என்ன ஆனது என்பதையும் அவர் வாயாலேயே கேட்டோம். முதல் உலகப்போரில் ஜெர்மன் பேசினாலே சந்தேகம், 1918-இல் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும் என்று சட்டம் வந்தது. வீட்டில் பேச்சு, மேடையில் பாட்டு, இரண்டிலும்தான் மொழி ஒளிந்திருந்தது என்றார். இரண்டாம் போருக்குப் பிறகு இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள், நல்ல சாலை வந்தது, தொலைக்காட்சி வந்தது, ஏசி வந்தது. ஏசி வந்த வீட்டை விட்டு ஜூலை மாதத்தில் யார் தகரக் கூரைக்குக் கீழே வருவார்? டெக்சஸ் முழுக்க ஆயிரத்துக்கு மேல் இருந்த ஹால்கள் பாதிக்கு மேல் போய்விட்டன. சில வைக்கோல் கிடங்காயின. மிச்சத்தைக் காப்பாற்ற 2007-இல் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். நன்கொடை வருகிறது, ஆனால் கூரை செலவு பெரிய செலவு என்றார். "கட்டட நிதின்னு தனியா ஒதுக்கி வைக்கணும்" என்றார் அப்பா. மொழிபெயர்த்தேன். அவர் ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினார்.

மூன்று மணிக்குப் பேண்ட். டூபா என்ற பெரிய ஊதுகுழல் ஊம், தாளம் பா. ஊம்-பா, ஊம்-பா. ஒரு போல்கா, ஒரு வால்ட்ஸ், பிறகு ஷாட்டிஷ் என்ற எட்டு எண்ணிக்கை ஆட்டம். மேசைகளில் உருளைக்கிழங்கு, புளிக்கவைத்த முட்டைக்கோஸ். அப்பாவுக்கு முட்டைக்கோஸ் பிடித்துவிட்டது, ஊறுகாய் மாதிரி இருக்கிறது என்று இரண்டாம் தடவை வாங்கினார்.

அப்புறம் பெரிய அணிவகுப்பு. இது ஆட்டமே இல்லை, நடைதான். ஒரு மூத்த ஜோடி முன்னால் நடக்க, எல்லா ஜோடியும் பின்னால். கூடத்தின் கடைசியில் ஒரு ஜோடி இடப்பக்கம், அடுத்த ஜோடி வலப்பக்கம் என்று பிரிவார்கள். சுற்றி வந்து சந்திக்கும்போது நான்கு நான்காகச் சேர்வார்கள். மறுபடி பிரிந்து எட்டு எட்டாக. கடைசியில் கூடம் நிறைய கைகோத்த வரிசைகள். சீட்டு மேசை முதியவரின் மனைவி வந்து அப்பாவிடம் கையை நீட்டினார். வேட்டி இல்லை, பேண்ட்தான் போட்டிருந்தார், ஆனாலும் பழக்கதோஷத்தில் வேட்டி நுனியைத் தேடுவது போல ஒரு கை கீழே போனது. பிறகு எழுந்தார். செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் வைத்தார்.

நான் சொன்னேன், "அப்பா, செருப்போட போகலாம்."

"இந்தத் தரையிலயா?" என்றார்.

காலுறையோடு நடந்தார். இரண்டு, நான்கு, எட்டு. எட்டுப் பேர் வரிசையில் ஓரத்தில் ஒரு சிறுமி அவர் இடது கையைப் பிடித்திருந்தாள். எந்த வரிசையில் திரும்ப வேண்டும் என்று அவள்தான் இழுத்துக் காட்டினாள். வீடியோ எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அணிவகுப்பு முடிந்திருந்தது. அம்மாவிடம் இன்னும் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் நாள், திங்கள்: திரும்பும் வழி

நேராகப் பத்தாம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் மூன்று மணி நேரத்தில் வீடு. கிளம்பும்போதே அப்பா கேட்டார், "அந்த ஏழு பக்கத்துக் கூடம் வழியில வருமா?"

"வராதுப்பா. முக்கால் மணி நேரம் சுத்து."

"சுத்தட்டும்."

சீலியில் இறங்கி வடக்கே திரும்பினேன். பெல்வில்லில் நல்ல வெயில். பூங்காவில் யாருமில்லை, புல் வெட்டுகிற ஒருவர் மட்டும். அப்பா போன தடவை நிறுத்திய இடத்திலிருந்து தொடரவில்லை. கணக்கு என்றால் முதலிலிருந்துதான். வாசல் பக்கத்துச் சுவரில் கையை வைத்து "ஒண்ணு" என்றார். ஒவ்வொரு மூலையிலும் பலகையைத் தொட்டுக்கொண்டே போய்க் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்தார். குரல் மட்டும் வந்தது. புல் வெட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

மறுபக்கம் வெளியே வரும்போது பதினொன்று. வாசலுக்கு வந்து நின்று இன்னொரு தடவை தொட்டார்.

"பன்னெண்டு. சரியாத்தான் கட்டியிருக்கான்" என்று சொல்லி, காரின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார்.